உங்களுக்குத் தெரியுமா? - பூங்கா பெஞ்ச்

பூங்காவுக்கு பெஞ்ச் ஆர்டர் கொடுப்பவர்கள் முதலில் நீளத்தைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியது உயரத்தை. உட்காரும் பலகை தரையிலிருந்து சுமார் 45 செ.மீ. இருந்தால் பெரும்பாலோருக்குப் பாதம் தரையில் படியும். ரொம்பத் தாழ்ந்துபோனால் மூட்டுவலிக்காரர் உட்கார்ந்துவிடுவார், எழுப்பிவிட ஆள் தேட வேண்டும். ஓரத்தில் கைப்பிடி இருந்தால் ஊன்றி எழுந்துகொள்வார். நீளத்துக்கு ஆளுக்கு 2 அடி என்று வைத்தால், 6 அடி பெஞ்ச் மூன்று பேருக்கு. அதில் ஐந்து பேர் உட்காருவது நம் சாமர்த்தியம்.

மரத்தைச் சுற்றி வட்ட பெஞ்ச் வேண்டுமா? அடிமரத்தைக் கயிற்றால் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுங்கள். சுற்றளவு 157 செ.மீ. என்றால் விட்டம் 50 செ.மீ. ஆனால் அதை அப்படியே பட்டறையில் சொல்லிவிடாதீர்கள், மரம் பருக்கும்! சுற்றிலும் தாராளமாக இடம் விட்டுச் சொல்லுங்கள். இன்னொன்று, முழு வட்டமாகச் செய்துவிட்டால் மரத்தின் தலைவழியாகத்தான் மாட்ட வேண்டும். துண்டு துண்டாகச் செய்துவந்து போல்ட் போடுவதுதான் வழி.

ஜெனீவாவின் த்ரெய் மேட்டில் 1767-இல் போட்ட மர பெஞ்ச் சுமார் 120 மீட்டர் நீளம். இங்கிலாந்தின் லிட்டில்ஹாம்டன் கடற்கரையில் 2010-இல் அமைத்தது 324 மீட்டர்! விளக்குக் கம்பம் வந்தால் சுற்றிக்கொண்டு போகும்படியும், குப்பைத்தொட்டி வந்தால் வளைந்து ஒதுங்கும்படியும் அமைத்தார்கள். இடத்துக்கேற்ற அளவு என்றால் இதுதான்.

கருங்கல் பெஞ்சும் மர பெஞ்சும் ஒரே வெயிலில்தான் காய்கின்றன. கல் மட்டும் ஏன் சுரீரென்கிறது? அது தன் சூட்டைச் சட்டென்று உடம்புக்குக் கடத்திவிடும். மரம் அந்த விஷயத்தில் கஞ்சன். நிழலில்லாத இடத்துக்கு மரமே மேல்.

லண்டனின் கேம்டன் பகுதிக்காக 2012-இல் கான்கிரீட்டில் ஒரு பெஞ்ச் வடிவமைத்தார்கள். யாரும் படுத்துத் தூங்கக் கூடாது, ஸ்கேட்டிங் பலகை ஓட்டக் கூடாது, இடுக்கில் எதையும் ஒளித்துவைக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த சரிவுகள். வீடில்லாதவனை விரட்டப் போட்ட கணக்கு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊர்ச் சுமைதாங்கிக் கல்லும் அளவு பார்த்துச் செய்ததே. தலைச்சுமையை அடுத்தவர் கை கொடுக்காமலே இறக்கி ஏற்றத் தோதான உயரம். கர்ப்பிணியாக இறந்த பெண்ணின் நினைவாக நடுவது அந்தக் கால வழக்கம்.

நியூயார்க் சென்ட்ரல் பூங்காவில் 1986 முதல் பெஞ்சைத் தத்தெடுக்கலாம். நன்கொடை கொடுத்தால் சாய்மானத்தில் சின்னத் தகடு ஒன்று பதிப்பார்கள். நம் பூங்காக்களில் சாய்மானம் முழுக்க ‘உபயம்’தான். உபயதாரர்களே, பெயரை எழுதச் சொல்லும் முன் அந்த பெஞ்சில் கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள்.