ஏரிப் பாசனமும் நீர்ப்பறவைகளும்

திருவண்ணாமலையில் கார்த்திகை தீபம் ஏற்றப்படும் காலமும், வடகிழக்குப் பருவமழையால் ஏரிகள் நிரம்பும் காலமும் ஏறக்குறைய ஒன்றே. அக்காலத்திலேயே நாரை, கொக்கு, நீர்க்காகம் முதலிய பறவைகள் ஏரிகளை நாடி வருகின்றன. இவற்றால் விவசாயத்திற்கு நன்மையா, தீமையா என்னும் ஐயம் குடியானவர்களுக்கு எழுதல் இயல்பு. ஏரிப் பாசனத்தைப் பெரிதும் நம்பியுள்ள திருவண்ணாமலைப் பகுதியார், செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் குடிகளின் அநுபவத்தை அறிவது பயனுடையதாகும்.

மதுராந்தகத்தை அடுத்துள்ள வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ளது. நீரினுள் நிற்கும் கடப்ப மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், வக்கா முதலியவை ஆயிரக்கணக்கில் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இப்பறவைகளைச் சுட்டு வந்தமையால், ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்துக் கவுல் வழங்கினார். 1858இல் அது புதுப்பிக்கப்பட்டது.

ஊரார் இவ்வாறு முயன்றதற்கு ஜீவகாருண்யம் மட்டுமே காரணமன்று. பறவைகளின் எச்சம் இடைவிடாது நீரில் விழுகிறது. அதிலுள்ள தழைச்சத்தும் மணிச்சத்தும் மதகு வழியே கழனிகளுக்குப் பாய்கின்றன. அன்றியும், நத்தைக்குத்தி நாரை கழனிகளிலுள்ள நத்தையையும் நண்டையும் தின்கிறது. நண்டு வரப்பைத் துளைத்து நீரை வீணாக்குவதை அறியாத குடியானவர் இலர். ஏருக்குப் பின்னே நடக்கும் உண்ணிக்கொக்கு, கலைந்தெழும் வெட்டுக்கிளிகளையும் பிற பூச்சிகளையும் பிடித்துண்கிறது. நீர்க்காகத்தால் ஏரி மீன் குத்தகைதாரருக்குச் சிறிது நஷ்டம் உண்டென்பது மெய்யே. எனினும் ஆயக்கட்டு முழுமைக்கும் கிட்டும் நன்மையை அத்துடன் சீர்தூக்கிப் பார்த்தல் வேண்டும். எச்சம் கலந்த நீர் பாய்கிறதென்று எருவிடுதலை நிறுத்திவிடலும் ஆகாது.

பறவைகள் தங்கும் ஏரிகளையுடைய கிராமத்தார் கவனிக்க வேண்டியவை நான்கு:

1. ஏரியினுள்ளிருக்கும் கருவேல மரங்களை ஒருசேர வெட்டாமல், கூடுள்ள மரங்களை விட்டுவைத்தல்.

2. வண்டல் எடுத்தலையும் மராமத்து வேலையையும், குஞ்சுகள் பறந்து சென்றபின் கோடையில் வைத்துக்கொள்ளுதல்.

3. பூச்சிமருந்தை அவசியமான அளவிற்கு மேல் தெளியாதிருத்தல். கழனியில் இரை தேடும் பறவைக்கும் அதன் குஞ்சுக்கும் அந்நஞ்சு சென்று சேரும்.

4. வலை வைப்போரையும் சுடுவோரையும் கிராம அதிகாரிகள் உடனே வனத்துறைக்கு அறிவித்தல். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமாகும்.

வேடந்தாங்கல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரையுள்ள நிலப்பரப்பு 1998இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. கழனியும் சிற்றேரியுமே பறவைகளின் இரைக்களம் என்பதே இதன் கருத்து. 2020இல் அவ்வெல்லையுள் ஒரு பகுதியை நீக்கும் யோசனை எழுந்தபோது பலத்த எதிர்ப்புத் தோன்றியது. 2022இல் இவ்வேரி, ராம்சார் உடன்படிக்கையின்கீழ் சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலமாக அங்கீகரிக்கப்பெற்றது. சட்டமும் சர்வதேசப் புகழும் பின்னரே வந்தன; அவற்றிற்கு நெடுங்காலம் முன்னரே ஏரியைக் காத்தவர்கள் அவ்வூர்க் குடியானவர்கள். அவர்கள் செய்ததை மற்றை ஏரிக் கிராமத்தாரும் செய்தல் கூடும்.