வெட்டாத தெருவும் வெட்டப்படாத ஊரும்

கொழும்பில் ஒரு தெருவை வெட்டப் போகிறார்கள் என்ற செய்தி மாநகர சபையின் அறிவித்தலுக்கு முன்பே கடைக்காரருக்கு எட்டிவிடும். மஞ்சள் நாடா கட்டிய அன்றே வியாபாரம் படுத்துவிடும் என்பது அவருக்குத் தெரியும். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றை வெட்டினால் வாகனங்கள் சுற்றிக்கொண்டாவது போய்விடும். கொட்டாஞ்சேனையில் ஜம்பட்டா வீதியை ஒட்டிய ஒடுங்கிய தெருக்களில் வெட்டினால் கைவண்டிகூடப் போகாது. நிலத்தடியில் ஒரு கழிவுநீர்க் குழாய் உடைந்தால் முன்பெல்லாம் இந்தச் சிறையிருப்புக்கு மாற்றுவழி இருக்கவில்லை.

நகரின் பழைய பகுதிகளில் கிடக்கும் குழாய்கள் 1906க்கும் 1916க்கும் இடையில் புதைக்கப்பட்டவை. மெல்பர்ன் நகரத்துக்கும் கழிவுநீர்த் திட்டம் வரைந்து கொடுத்த ஆங்கிலேயப் பொறியியலாளர் ஜேம்ஸ் மான்சர்க்கின் திட்டம் இது. வேலை தொடங்குமுன் 1905இலேயே அவர் இறந்துவிட்டார். அதற்கு முன் நகரத்தின் மலம் வாளியிலும் வண்டியிலும் போனது. 1865ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டத்தால் மாநகர சபை உருவாகி நாற்பது ஆண்டுகளாகியும் நிலைமை அதுதான். அந்த வாளியைச் சுமந்தவர்கள் யாரென்று தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியதில்லை. தென்னிந்தியாவிலிருந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்த, சாதியின் பெயரால் இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்ட தொழிலாளர்கள். குழாய் வந்த தெருக்களில் வாளி போயிற்று. வராத தெருக்களில் அது மேலும் பல பத்தாண்டுகள் இருந்தது.

கொழும்பு தட்டையான ஊர். கழிவுநீர் தானாக ஓட வேண்டுமென்றால் குழாய்க்குச் சரிவு வேண்டும். சரிவு கொடுத்துக்கொண்டே போனால் குழாய் ஆழத்துக்கு இறங்கிவிடும். அதனால் இடையிடையே நீரேற்று நிலையங்கள் வைத்து மேலே தூக்கி, மறுபடி சரிவில் விட்டார்கள். வடக்கே மாதம்பிட்டிக்குப் போய்ச் சேர்ந்தது களனி ஆற்றில் விழுந்தது. 1980களில் உலக வங்கியின் பணத்தில் முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் நீளத்துக்குக் குழாய் இறக்கி, ஆற்றுக்குப் போனதைக் கடலுக்குத் திருப்பினார்கள். பெரும்பாலும் சல்லடையில் வடித்த அளவோடுதான் அது போனது. வெள்ளவத்தைக் கடற்கரையில் மாலையில் காற்று வாங்குகிறவர்கள் இதை நினைக்காமலிருப்பது நல்லது.

அந்தக் காலத்துக் குழாய்கள் பெரும்பாலும் சுட்ட களிமண்ணில் செய்து மெருகேற்றப்பட்டவை. அமிலம் தின்னாது, துருப்பிடிக்காது. நூறு ஆண்டு கழித்துத் தோண்டி எடுத்தாலும் குழாயின் உடல் பல இடங்களில் நன்றாகவே இருக்கும். கெட்டுப்போவது மூட்டு. ஒரு குழாய் மூன்றடிக்கு மேல் நீளமில்லை என்றால் 100 மீற்றருக்கு நூறுக்கு மேற்பட்ட மூட்டுகள் வரும். அவற்றைச் சீமெந்துச் சாந்தால்தான் அடைத்தார்கள். மேலே குதிரை வண்டியும் மாட்டு வண்டியும் போன காலத்துக்கு அது போதும். கொள்கலன் லொறி போகும் காலத்தில் சாந்து விண்டுவிடுகிறது. விண்ட இடத்தைத் தேடி அரசமரத்தின் வேர் வந்து சேர்கிறது. மயிரளவு நுழைந்து, உள்ளே போய்ப் பருத்து, குழாயையே அடைத்துவிடும்.

இதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாத வேலை. கொழும்பில் சில அடி தோண்டினாலே தண்ணீர். குழாய் அந்தத் தண்ணீருக்குக் கீழே கிடக்கிறது. வெடிப்பு வழியாக நிலத்தடி நீர் உள்ளே ஒழுகும்போது மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டு வரும். மண் குழாய்க்குள் போய்விட, குழாய்க்கு மேலே வெற்றிடம் உண்டாகும். தார் மட்டும் அந்தரத்தில் நிற்கும். ஒருநாள் பஸ்ஸின் சில்லு அதில் இறங்கும்போதுதான் எல்லோருக்கும் விசயம் தெரியவரும். அதற்கிடையில் நீரேற்று நிலையத்தின் பம்ப் மழைக்காலமெல்லாம் நிலத்தடி நீரைக் கழிவுநீரென்று நினைத்து இறைத்துக்கொண்டிருக்கும். மின்சாரக் கட்டணம் மாநகர சபையின் தலையில்.

சரி, வெட்டலாம் என்று இறங்கினால் நூறு ஆண்டுப் பழைய வரைபடம் சொல்கிற இடத்தில் குழாய் இருக்காது. அதற்கு மேலே தண்ணீர்க் குழாய், மின்சாரக் கேபிள், தொலைபேசிக் கேபிள் என்று ஒன்றின்மேல் ஒன்று குறுக்கே ஓடும். பத்தடி ஆழத்துக்குப் போனால் பக்கச்சுவர் சரியும். இரும்புத் தகடு அடித்து, இரவும் பகலும் தண்ணீர் இறைக்க வேண்டும். இறைக்கும்போது பக்கத்து வீட்டு அத்திவாரத்தின் கீழுள்ள மணலும் வரும். அந்த வீட்டுச் சுவரில் கீறல் விழுந்தால் அதற்கொரு வழக்கு. செலவில் மிகப் பெரும்பகுதி குழாய்க்கு அல்ல, குழாயை எட்டுவதற்குத்தான் போகும்.

இதற்கு மாற்று 1971இல் லண்டன் ஹாக்னியில் பிறந்தது. எரிக் வுட் என்ற பொறியியலாளர், செங்கல்லால் கட்டிய முட்டை வடிவப் பழைய கழிவுநீர்ச் சுரங்கம் ஒன்றில், ஏறத்தாழ 70 மீற்றர் நீளத்துக்கு, பசை தோய்த்த துணிக்குழாய் ஒன்றைச் செலுத்தி அங்கேயே இறுகவிட்டார். பழைய சுரங்கத்துக்குள்ளே புதுக்குழாய் ஒன்று உருவாகியிருந்தது. தெருவைத் தோண்டவில்லை. இன்சிட்டுஃபார்ம் என்ற பெயரில் அது வணிகமாகி உலகம் முழுக்கப் போனது. இருபது ஆண்டு கழித்து, உள்ளுறையாக இறுகிய அந்த முதல் துணிக்குழாயிலிருந்து துண்டு வெட்டிச் சோதித்தபோது அது இன்னும் வலுவோடுதான் இருந்தது.

வேலையின் முறை எளிது, ஆனால் நேரத்தோடு ஓடும் வேலை. முதலில் அடைப்பெடுக்க வேண்டும். உயர் அழுத்தத் தண்ணீரைப் பாய்ச்சி மண், கொழுப்பு, வேர் எல்லாவற்றையும் அகற்றுவார்கள். பிறகு சில்லு பூட்டிய சின்னக் கமரா ஒன்றை மேன்ஹோல் வழியாக இறக்கி அடுத்த மேன்ஹோல் வரை ஓட்டுவார்கள். எந்த மீற்றரில் வெடிப்பு, எந்த மீற்றரில் வீட்டு இணைப்பு என்று மேலே லொறிக்குள் இருப்பவர் குறித்துக்கொள்வார். என்னைக் கேட்டால் மாற்றத்தின் பாதி இந்தக் கமராதான். அதற்குமுன் நிலத்தடியைப் பற்றிப் பேசியதெல்லாம் அனுமானம். அல்லது மேன்ஹோலுக்குள் இறங்கிய ஒரு தொழிலாளியின் வாக்குமூலம். இறங்கியவர்களில் சிலர் நச்சுவாயு தாக்கி மேலே வராமலே போயிருக்கிறார்கள்.

உறை பொலியெஸ்டர் நாரில் செய்த துணி. தொழிற்சாலையிலேயே அதில் பிசினை ஊறவைத்து, வழியிலேயே இறுகிவிடாதபடி குளிரூட்டிய லொறியில் கொண்டுவருவார்கள். ஓடிவரும் கழிவுநீரை மேல் மேன்ஹோலில் மறித்து, தெருவின் மேலாகத் தற்காலிகக் குழாய் போட்டு, பம்ப் வைத்துக் கீழ் மேன்ஹோலில் விடுவார்கள். பிறகு உறையின் ஒரு முனையைக் கட்டி, சட்டைக் கையை உள்வெளியாகப் புரட்டுவதுபோல, தண்ணீர் அல்லது காற்றின் அழுத்தத்தால் குழாய்க்குள் புரட்டிக்கொண்டே போவார்கள். பசையுள்ள பக்கம் பழைய குழாயின் சுவரில் போய் ஒட்டும். உள்ளே வெந்நீரோ நீராவியோ விட்டால் சில மணி நேரத்தில் இறுகிவிடும். கண்ணாடி நாரில் செய்த புதிய வகை உறைகளுக்கு வெந்நீர் வேண்டாம். புறஊதா விளக்குகளை வரிசையாகக் கோத்து உள்ளே இழுத்துக்கொண்டு போனால் வெளிச்சம் பட்ட இடமெல்லாம் இறுகும். 300 மில்லிமீற்றர் குழாயில் 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள உறை என்றால் உள்விட்டம் சற்றுக் குறையும். ஆனால் மூட்டே இல்லாத வழுவழுப்பான சுவர் என்பதால் ஓட்டம் பெரும்பாலும் குறையாது. வேர் நுழையவும் வழியில்லை. வழக்கமாக 50 ஆண்டுக்குக் கணக்கிட்டே வடிவமைக்கிறார்கள்.

இறுகி முடிந்ததும் தெருவிலுள்ள எல்லா வீடுகளின் இணைப்பும் அடைபட்டிருக்கும். வெட்டும் கருவி பூட்டிய ரோபோ ஒன்று உள்ளே போய், குறித்து வைத்த இடங்களில் உறையைத் துளைத்து ஒவ்வொன்றாகத் திறக்கும். ஒரு வீட்டை விட்டுவிட்டால் அடுத்த நாள் காலை அந்த வீட்டுக் குளியலறை சொல்லிவிடும்.

விற்பவர்கள் சொல்லாத பக்கமும் உண்டு. பிசினிலுள்ள ஸ்டைரீன் என்ற இரசாயனம் இறுகும் நேரத்தில் ஆவியாகி, வாயுவை மறிக்கும் தண்ணீர் வற்றிப்போன கழிவறைப் பொறிகள் (குழாய் வளைவுகள்) வழியாக வீட்டுக்குள் ஏறும். ஒரு வாளி தண்ணீரை அந்தப் பொறிகளில் ஊற்றி வைத்தால் பெருமளவு தடுக்கலாம். அதை வீட்டுக்காரருக்குத் தமிழிலும் சிங்களத்திலும் முன்கூட்டிச் சொல்ல ஆள் வேண்டும். இடிந்து நொறுங்கிய குழாய்க்குள் உறை போகாது. நடுவில் தாழ்ந்து தொய்ந்த குழாயில் போனாலும் அந்தத் தொய்வு அப்படியே இருக்கும். அங்கே கழிவு தேங்கிக்கொண்டேதான் இருக்கும். அத்தகைய இடத்தில் வெட்டத்தான் வேண்டும். வீட்டிலிருந்து தெருக்குழாய் வரை வரும் சின்னக் குழாய் பெரும்பாலும் இந்த வேலையில் சேர்வதில்லை. அதன் மூட்டு ஒழுகினால் நிலத்தடி நீர் அந்த வழியே உள்ளே வரும்.

தெற்காசியாவில் இது புதுமையல்ல. டில்லியில் பல பெருங்குழாய்களுக்கு இப்படி உறையிட்டிருக்கிறார்கள். கொழும்பு கழிவுநீர் வலையைச் செப்பனிட 2009இல் ஆசிய அபிவிருத்தி வங்கி 10 கோடி அமெரிக்க டொலர் கடனுக்கு ஒப்புதல் அளித்தது. நீரேற்று நிலையங்கள், அழுத்தக் குழாய்கள் என்று ஏற்கெனவே இருப்பதைக் காப்பாற்றும் வேலையே அதில் முதன்மை. புதிதாகப் போடும்போதும் தெருவைத் திறக்காமல் வேலை செய்ய முடியும் என்பதையும் நகரம் பார்த்துவிட்டது. முகத்துவாரத்தில் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் புதிய சுரங்கம், உலக வங்கிக் கடனில், நிலத்தடியிலேயே துளைத்து அமைக்கப்பட்டது.

இவ்வளவும் நகர எல்லைக்குள். தெமட்டகொடைக் கால்வாயைத் தாண்டினால் கொலன்னாவை. கொழும்புக்கு ஒட்டிய ஊர், ஆனால் வேறு நகர சபை. தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை கொலன்னாவையின் ஒரு பகுதிக்குக் கழிவுநீர்க் குழாய் வைத்திருக்கிறது. எஞ்சிய வீடுகளுக்கு வீட்டு முற்றத்திலோ குசினிக்குப் பின்னாலோ ஒரு மலக்குழி. நிரம்பினால் அதை உறிஞ்சி எடுக்கும் கலி பவுசருக்குச் சொல்ல வேண்டும். வேடிக்கை என்னவென்றால், கொலன்னாவைக்கு நிலத்தடிக் குழாய் புதிதல்ல. துறைமுகத்திலிருந்து இங்குள்ள எண்ணெய்க் களஞ்சியத்துக்கு எரிபொருள் கொண்டுவரும் குழாய்கள் பல பத்தாண்டுகளாக இந்தப் பக்கத்து வீடுகளின் கீழாகவே ஓடியிருக்கின்றன. 1995 ஒக்டோபரில் அந்தக் களஞ்சியம் தாக்கப்பட்டு எரிந்தபோது கொழும்பு முழுக்கப் புகையைப் பார்த்தது. எண்ணெய்க்குக் குழாய் கிடைத்த ஊரில் பல வீடுகளின் மலத்துக்குக் கிடைக்கவில்லை.

களனி பெருகினால் முதலில் மூழ்கும் இடங்களில் ஒன்று இது. 2016 மே மாதம் மூழ்கியது. 2024இல் மூழ்கியது. 2025 நவம்பரில் டிட்வா புயலின்போது மறுபடி மூழ்கியது. அப்போது மலக்குழிகள் திறந்த குளங்களாகிவிடும். வீட்டுக்குள் முழங்கால் அளவு நிற்கும் தண்ணீரில் எது ஆற்றுநீர், எது மற்றது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. மீதொட்டமுல்லையில் 2017 ஏப்ரலில் சரிந்து 32 பேரைக் கொன்ற குப்பைமலையும் இதே கொலன்னாவையில்தான். அந்தக் குப்பை பெரும்பாலும் கொழும்பு மாநகரத்தினுடையது.

அதனால் வெட்டாமல் திருத்தும் இந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டும்போது எனக்கு ஒரு கணக்கு உறுத்துகிறது. உறை போட உள்ளே ஒரு குழாய் இருக்க வேண்டும். 1906இல் தெருவை வெட்டி ஊரை நாறடித்து, தொழிலாளர் தோளை முறித்து ஒரு குழாய் போட்டார்கள். அதனால்தான் இன்று ஜம்பட்டா வீதிக் கடைக்காரர் தெருவை வெட்டாமலே குழாயைத் திருத்தித் தரும்படி கேட்க முடிகிறது. கொலன்னாவை அந்த நூறு ஆண்டை இழந்துவிட்டது. அங்கே நுண்சுரங்க இயந்திரம் பெரிய குழாயைத் தெருவைத் திறக்காமலே தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் வீட்டுக்கு வீடு போகும் நூற்றுக்கணக்கான இணைப்புகளை மண்வெட்டிதான் தோண்ட வேண்டும். அந்த ஒழுங்கைகளில் சில இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பிப் போகும் அகலம். நிலம் சதுப்பு. நிலத்தடி நீர் பாதத்துக்குக் கீழேயே நிற்கிறது. வெள்ளம் ஏறினாலும் கழிவுநீர் வீட்டுக்குத் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி அடைப்பானும், மின்சாரம் போனாலும் ஓடும் பம்பும் சேர்ந்து வராவிட்டால் குழாய் போட்டும் பயனில்லை.

இதற்கெல்லாம் கடன் கேட்கும்போது வங்கிக்காரர் முதலில் கேட்பது இணைப்புக் கட்டணம் யார் கொடுப்பார்கள் என்பதுதான். கொலன்னாவையில் நாட்கூலிக்குப் போகும் ஒரு குடும்பம் தன் வீட்டுக் கழிப்பறையைத் தெருக்குழாயோடு இணைக்கத் தானே பணம் கட்ட வேண்டுமென்றால் கட்டாது. பவுசருக்குக் கொடுப்பது மலிவு என்றும், வெள்ளம் வந்தால் அதுவும் தேவையில்லை என்றும் அதற்குத் தெரியும். அந்த முதல் இணைப்புச் செலவையும் திட்டமே ஏற்க வேண்டும். பழைய குழாய்க்கு உறையிடும்போது வெட்டுக்கூலி மிச்சமாகிறது என்று பொறியியலாளர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த மிச்சத்தை முதலில் கால்வாய்க்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் செலவழிக்கலாம்.