200 ரூபாய் லாபம்... கையில் நிற்பதோ 60! ஆன்லைன் சேலை பிசினஸில் பணம் எங்கே போகிறது?

``இந்த மாசம் நாப்பது சேலை வித்திருக்கேன். ஆனா, கையில காசே நிக்கல!''

வாட்ஸ்அப்பில் சேலை விற்கும் வீடுகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது. ஆர்டர் வந்துகொண்டேதான் இருக்கிறது. ஹால் மூலையில் கூரியர் கவர்கள் குவிந்திருக்கின்றன. ஆனால், ஸ்கூல் ஃபீஸ் கட்டும் நாளில் அக்கவுன்ட்டைப் பார்த்தால் போட்ட பணம்கூட முழுதாக இல்லை.

விற்கத் தெரியாததால் வரும் பிரச்னை அல்ல இது. சேலையை என்ன விலைக்கு வாங்கினோம் என்பது எல்லோருக்கும் தெரிகிறது. அது வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேரும் வரை என்ன செலவாகிறது என்பதைத்தான் பலரும் எழுதிவைப்பதில்லை. கடைக்காரர்கள் இதை `அடக்க விலை' என்பார்கள். வீட்டிலிருந்து தொழில் செய்பவர்கள் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய வார்த்தை இது.

10 சேலை... ஒரு சின்ன கணக்கு!

உதாரணத்துக்கு, 600 ரூபாய்க்கு ஒரு சேலை வாங்கி, `கூரியர் இலவசம்' என்று போட்டு 800 ரூபாய்க்கு விற்கிறீர்கள். ஒரு சேலைக்கு 200 ரூபாய் லாபம். 10 சேலைக்கு 2,000 ரூபாய். இதுதான் மனக்கணக்கு.

இப்போது நோட்டில் எழுதிப் பார்ப்போம். மொத்த வியாபாரியிடமிருந்து சரக்கு வந்த பார்சல் செலவு 130 ரூபாய். 10 பேருக்கு கூரியர், தலா 70 வீதம் 700 ரூபாய். கவர், டேப், ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 100 ரூபாய். மீதி 1,070.

10 சேலையில் ஒன்று கறையோடு இருந்து திரும்பி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 800 ரூபாயைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்த கூரியருக்கு 70 ரூபாய். கறை படிந்த அந்தச் சேலையை பக்கத்து வீட்டில் 400 ரூபாய்க்குத் தள்ளிவிட்டால்கூட, 470 ரூபாய் நஷ்டம். கடைசியில் கையில் நிற்பது 600 ரூபாய். சேலைக்கு 60!

அதாவது, அந்தச் சேலையின் கொள்முதல் விலைதான் 600. அடக்க விலை 740. உங்களுக்கு சேலைக்கு 150 ரூபாயாவது நிற்க வேண்டுமென்றால், 890 ரூபாய்க்கு விற்க வேண்டும். அல்லது 820 ரூபாய் விலை வைத்து, கூரியர் தனி என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் ஊர் கூரியர் கட்டணத்தையும், உங்களுக்குத் திரும்பி வரும் சேலைகளின் எண்ணிக்கையையும் வைத்து இதே கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நகையை அடகு வைக்காதீர்கள்!

சேலம் இளம்பிள்ளை, ஈரோடு ஜவுளிச் சந்தை, சென்னை சௌகார்பேட்டை, சூரத் என்று மொத்த விலைச் சரக்குக்குப் பஞ்சமில்லை. தீபாவளி நெருங்கும்போது, `மொத்தமா எடுத்தா இன்னும் கம்மி' என்ற ஆசையில் நகையை அடகு வைத்து சரக்கு எடுப்பவர்கள் உண்டு. பண்டிகை முடிந்த மறுநாள் பீரோவில் மிச்சமிருக்கும் சேலைகளுக்கு விலை இறங்கிவிடும். அடகு வட்டி இறங்காது.

ஆரம்பத்தில் ரீசெல்லர் முறைதான் பாதுகாப்பு. வியாபாரி அனுப்பும் படங்களைப் பகிர்ந்து, ஆர்டரும் பணமும் வந்த பிறகு அவரிடம் சொன்னால், அவரே வாடிக்கையாளரின் முகவரிக்கு நேரடியாக அனுப்பிவிடுவார். லாபம் குறைவு, ஆனால், முதல் முடங்காது. எந்த ரகம், எந்த விலை உங்கள் வட்டத்தில் ஓடுகிறது என்று இரண்டு, மூன்று மாதங்களில் தெரிந்துவிடும். பிறகு 10, 15 சேலைகளைக் கையில் வைத்து விற்கலாம். அந்தப் பணம் திரும்பிய பின்னரே அடுத்த கொள்முதல்.

புதிய வியாபாரியிடம் எடுத்தவுடனே முழுப் பணத்தையும் போட வேண்டாம். அவருடைய ஜி.எஸ்.டி எண்ணைக் கேட்டு, ஜி.எஸ்.டி இணையதளத்தில் இலவசமாகவே சரிபார்க்கலாம். வீடியோ காலில் கடையைக் காட்டச் சொல்லலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு சேலையை உங்களுக்காக வாங்கி, துவைத்து, காயவைத்துப் பாருங்கள். சாயம் போகிற சேலையை நீங்கள் கண்டுபிடிப்பது நல்லதா, வாடிக்கையாளர் கண்டுபிடிப்பது நல்லதா?

`ப்யூர் சில்க்' என்று எழுதும் முன்...

`சாஃப்ட் சில்க்' என்ற பெயரில் வரும் சேலைகள் எல்லாமே பட்டு அல்ல. வியாபாரி அனுப்பிய விளம்பர வரிகளை அப்படியே ஒட்டினால், பொய் சொன்ன பெயர் உங்களுக்குத்தான் வரும். சந்தேகமிருந்தால், முந்தானையிலிருந்து ஒரே ஒரு இழையை உருவி எரித்துப் பாருங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும். சாம்பல் பொடியாக உதிரும். பாலியஸ்டர் என்றால் உருகி, கெட்டியான மணிபோல ஆகிவிடும். பட்டு என்று சொல்லி விற்பதானால், மத்திய பட்டு வாரியத்தின் முயற்சியால் வந்த `சில்க் மார்க்' முத்திரை உள்ள சரக்காகத் தேடி வாங்குங்கள்.

புகைப்படத்தை, காலை வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து எடுங்கள். ஃபில்டர் வேண்டாம். `கலர் வேற மாதிரி இருக்கு' என்று திரும்பி வரும் சேலைகள் பாதி குறையும். சேலையின் நீளம், பிளவுஸ் துணி உண்டா இல்லையா, துவைக்கும் முறை ஆகியவற்றைப் படத்துக்குக் கீழேயே எழுதிவிட்டால், ஒரே கேள்விக்கு 20 பேருக்கு பதில் சொல்லும் வேலை மிச்சம்.

பெட்டி வேண்டாம், கவர் போதும்!

கூரியரில் எடை மட்டுமல்ல, அளவும் காசுதான். பல கூரியர் நிறுவனங்கள் பார்சலின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுத்து ஓர் எடையைக் கணக்கிடுகின்றன. அந்த எடை, உண்மையான எடை இரண்டில் எது அதிகமோ, அதற்குத்தான் கட்டணம். 600 கிராம் சேலையை 30×25×10 அளவு பெட்டியில் வைத்தால், ஒன்றரைக் கிலோவுக்குப் பணம் கட்ட நேரிடும். மழைநீர் இறங்காத பிளாஸ்டிக் உறையில் சுற்றி, கூரியர் கவரில் போட்டாலே போதும். வீட்டில் ஒரு சின்ன எடை மெஷின் இருந்தால், ஆர்டர் எடுக்கும்போதே கூரியர் செலவைச் சரியாகச் சொல்லிவிடலாம்.

`பொருள் வந்ததும் பணம்' என்ற முறையைத் தொடக்கத்தில் தவிர்ப்பது நல்லது. வாடிக்கையாளர் மனம் மாறி வாங்க மறுத்துவிட்டால், போன செலவு, வந்த செலவு இரண்டும் உங்கள் தலையில்தான் விழும்.

திருப்பி எடுக்க மாட்டோம் என்று சொல்லலாமா?

`நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்' என்று போட்டுவிட்டால் தப்பித்துவிடலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. ரசீதில் கால அளவு எதுவும் சொல்லாவிட்டால், 30 நாள்கள் என்கிறது சட்டம்.

அதற்காக எல்லாவற்றையும் திருப்பி எடுத்துக்கொண்டிருக்கவும் முடியாது. பேக் செய்யும் முன் சேலையை முழுதாக விரித்து ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரிடமும் பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். இதைப் பணம் வாங்குவதற்கு முன்பே சொல்ல வேண்டும். பிரச்னை வந்த பிறகு சொன்னால், அது சண்டையில்தான் முடியும்.

ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள்!

`பணம் போட்டாச்சு அக்கா' என்று வரும் ஸ்கிரீன்ஷாட் பணம் வந்ததற்கு அத்தாட்சி அல்ல. உங்கள் வங்கிக் கணக்கில் வரவு தெரிந்த பிறகே பார்சல் கிளம்ப வேண்டும். `பணம் அனுப்புறேன், இந்த க்யூ.ஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க' என்று யாராவது சொன்னால், உடனே போனை வைத்துவிடுங்கள். யு.பி.ஐ-யில் பணம் பெறுவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால், தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இன்னொன்று... வாட்ஸ்அப் குரூப்பில் சேர்க்கும் ஒவ்வொரு பெண்ணின் எண்ணையும் மற்ற எல்லோரும் பார்க்கலாம். அங்கிருந்து எண்ணை எடுத்து, உங்கள் பெயரைச் சொல்லியே பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். பிராட்காஸ்ட் லிஸ்ட் அல்லது சேனலில் இந்தத் தொல்லை இல்லை. பிராட்காஸ்ட் செய்தி, உங்கள் எண்ணை சேவ் செய்தவர்களுக்கு மட்டுமே போகும் என்பதை மறக்க வேண்டாம்.

பதிவும் வரியும்

சிறுதொழிலுக்கான `உத்யம்' பதிவு, அரசு இணையதளத்தில் முற்றிலும் இலவசம். பணம் கேட்கும் தளங்களை நம்ப வேண்டாம். தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவர்களுக்கு, ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி பதிவு தேவை. ஆனால் வெளி மாநிலத்துக்கு விற்றால், அறிவிக்கப்பட்ட சில கைவினைப் பொருள்கள் தவிர மற்றவற்றுக்கு, இந்த வரம்பு பொருந்தாது. கடலூரிலிருந்து பக்கத்தில் இருக்கும் புதுச்சேரிக்கு அனுப்பினாலும் வெளி மாநில விற்பனைதான்! ஆர்டர்கள் பெருகும்போது ஒரு வரி ஆலோசகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

சொந்தக்காரர்களும் கடனும்

கடைசியாக, சட்டத்திலும் இல்லாத, ஆப்பிலும் இல்லாத ஒரு சிக்கல். `அடுத்த மாசம் தர்றேன்டி' என்று அத்தையும் நாத்தனாரும் எடுத்துப்போகும் சேலைகள். கேட்டால் உறவு கெடும்; கேட்காவிட்டால் முதல் கெடும். டீக்கடைகளில் தொங்கும் `இன்று ரொக்கம், நாளை கடன்' போர்டு சும்மா மாட்டியதல்ல. `நான் ஏற்கெனவே பணம் கட்டித்தான் எடுத்திருக்கேன் அத்தை, ஜிபே பண்ணிடுங்க' என்று முதல் சேலையிலேயே சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால், அடுத்த சேலைக்கு அந்தப் பேச்சே வராது.

தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். மளிகைக்கும் பால்காரருக்கும் அதிலிருந்து எடுக்காதீர்கள். கூடவே ஒரு 40 பக்க நோட்டு. வாங்கியது, விற்றது, கூரியர், திரும்பி வந்தது, கடன் என்று ஐந்து கட்டம் போட்டு, ராத்திரி தூங்கப் போகும் முன் பத்து நிமிடம் எழுதுங்கள். மாதக் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது வருகிற தொகை சின்னதாகக்கூட இருக்கலாம். ஆனால், அது உங்கள் கையில் நிற்கிற பணமாக இருக்கும்!