ஒரு பாட்டு மட்டும் போதுமா? ஆல்பம் முழுவதையும் கம்ப்யூட்டரில் கேட்போம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் வீட்டில் முதல் வாரம் என்ன நடக்கும் என்பதைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பெயின்டில் ஒரு வீடும் இரண்டு தென்னை மரமும் வரைவார்கள். சீட்டுக்கட்டு விளையாடுவார்கள். பிறகு பாட்டு போடுவார்கள். இன்று பாட்டு போடுவதற்கு ஒரு சிரமமும் இல்லை. பிரவுசரைத் திறந்து பெயரைத் தட்டினால் பாட்டு வந்துவிடும். ஆனால் எந்தப் பெயரைத் தட்டுவோம்? ஏற்கெனவே தெரிந்த பாட்டின் பெயரைத்தானே!

ஒரு ஆல்பத்தில் ஏழெட்டுப் பாடல்கள் இருக்கும். அதில் ஒன்று ஹிட் ஆகும். கேசட் காலத்தில் அந்த ஒன்றுக்காக வாங்கினாலும் மற்றவையும் காதில் விழுந்தே தீரும். பட்டனை அழுத்தி டேப்பை ஓட்டி, நிறுத்தி, மீண்டும் ஓட்டி, பாட்டின் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பொறுமை போய்விடும். 'சரி, ஓடட்டும்' என்று விட்டுவிடுவோம். கம்ப்யூட்டர் அந்தச் சிரமத்தைப் போக்கிவிட்டது. கூடவே மற்ற பாடல்களையும் நம்மிடமிருந்து பிரித்துவிட்டது. 2000களில் பர்மா பஜாரில் ஒரே சிடியில் நூற்றைம்பது எம்பி3 பாடல்கள் என்று விற்றார்களே, நினைவிருக்கிறதா? அத்தனையும் ஹிட் பாடல்கள். எந்தப் பாட்டு எந்த ஆல்பத்தில் வந்தது என்பதற்கு அதில் தடயமே இருக்காது.

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு, அதை முழுதாகக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வரிசையாகக் கேட்பது எப்படி என்று பார்க்கலாம். ஆல்பம், ஏ.ஆர். ரஹ்மானின் 'வந்தே மாதரம்'.

ஏன் இந்த ஆல்பம்?

இதன் முதல் பாட்டு 'மா துஜே சலாம்'. அதன் தமிழ் வடிவம் 'தாய் மண்ணே வணக்கம்'. இதைத் தெரியாத வீடு இருக்க முடியாது. ஆகஸ்ட் 15, ஜனவரி 26, பள்ளி ஆண்டு விழா, கிரிக்கெட் மேட்ச் என்று எங்கும் கேட்கிறோம். ஆனால் இந்தப் பாட்டு ஒரு ஆல்பத்தில் வந்தது என்பதையோ, அதில் வேறு பாடல்கள் உண்டு என்பதையோ அறிந்தவர்கள் குறைவு. மேனாம்பேட்டில் எங்கள் தெருவில் விசாரித்துப் பார்த்தேன். 'அது ஏதோ படத்தில் வந்ததுதானே?' என்று கேட்டவர்கள் நான்கு பேர்.

ஆல்பம் வெளியானது 1997 ஆகஸ்டில், இந்திய விடுதலையின் ஐம்பதாம் ஆண்டில். அப்போது எங்கள் அம்பத்தூர் தனி நகராட்சி. சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது 2011இல்தான். 'ரோஜா' வந்து ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. ரஹ்மானுக்கு வயது முப்பது. சோனி மியூசிக் நிறுவனம் அவரோடு ஒப்பந்தம் போட்டு இதை உலகச் சந்தைக்குக் கொண்டு போனது. கோடம்பாக்கத்தில் வீட்டோடு ஒட்டிய ஸ்டூடியோவை வைத்துக்கொண்டு சினிமாவுக்கு இசை அமைத்துவந்தவர், படமே இல்லாமல் ஒரு ஆல்பம் செய்தார். பரத் பாலாவின் படப்பிடிப்பில் வந்த காட்சிகள் டிவியில் ஓடின. முதல் பாட்டு தீயாய்ப் பற்றிக்கொண்டது. மற்றவை அதன் வெளிச்சத்தில் மறைந்துபோயின.

சிடியிலிருந்து கம்ப்யூட்டருக்கு

என்னிடம் இருப்பது பழைய சிடி. புது லேப்டாப்களில் பெரும்பாலும் சிடி டிரைவே இருப்பதில்லை. கவலை வேண்டாம். யூஎஸ்பியில் செருகும் டிவிடி டிரைவ் தனியாகக் கிடைக்கிறது. ஆன்லைனிலும் வாங்கலாம். நான் அம்பத்தூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவில் வாங்கினேன். அந்தத் தெருவுக்குள் போய் வேறு எதுவும் வாங்காமல் திரும்புவது கடினம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிடியைப் போட்டுத் திறந்து பார்த்தால் 'டிராக்01', 'டிராக்02' என்று பைல்கள் தெரியும். புதியவர்கள் உடனே அவற்றை காப்பி செய்து டெஸ்க்டாப்பில் பேஸ்ட் செய்வார்கள். கண் மூடித் திறப்பதற்குள் காப்பி ஆகிவிடும். சிடியை எடுத்துவிட்டு கிளிக் செய்தால் ஒன்றும் பாடாது! ஏனென்றால் அவை பாட்டு பைல்களே அல்ல. 'சிடிஏ' என்று முடியும் இந்தப் பைல்கள் ஒவ்வொன்றும் 44 பைட் அளவுதான். சிடியில் பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது என்று காட்டும் முகவரிச் சீட்டு போன்றவை. முகவரிச் சீட்டை நகல் எடுத்தால் வீடு வந்துவிடுமா?

பாட்டை எடுக்க 'ரிப்' செய்ய வேண்டும். விண்டோஸ் மீடியா பிளேயரைத் திறந்து, சிடியைத் தேர்வு செய்து, முதலில் 'ரிப் செட்டிங்ஸ்' போங்கள். அதில் ஃபார்மட் என்ற இடத்தில் எம்பி3 என்றும், தரத்தை 320 என்றும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றாமல் விட்டால் டபிள்யூஎம்ஏ என்ற வகையில் சேமிக்கும். வீட்டில் உள்ள பழைய டிவிடி பிளேயரோ காரில் உள்ள பிளேயரோ அதைப் படிக்காமல் போகலாம். பிறகு 'ரிப் சிடி' பட்டனை கிளிக் செய்யுங்கள். பாடல்கள் மியூசிக் போல்டரில் வந்து சேரும்.

இடம் எவ்வளவு பிடிக்கும்? ஆடியோ சிடியில் ஒலி ஒரு வினாடிக்கு 44,100 முறை அளந்து பதிவாகியிருக்கும். அதை அப்படியே எடுத்தால் ஒரு நிமிடப் பாட்டுக்குச் சுமார் 10 எம்பி. எம்பி3 320 என்றால் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 2.4 எம்பி. முதல் பாட்டு ஆறு நிமிடத்துக்குச் சற்று அதிகம், எனவே 15 எம்பி அளவு வரும். ஹார்ட் டிஸ்க்கில் இடம் தாராளமாக இருப்பவர்கள் 'ஃப்ளாக்' என்ற வகையைத் தேர்ந்தெடுக்கலாம். அது ஒலியில் எதையும் வெட்டி எறியாது. எதிலிருந்தும் எதையும் இழக்க மனமில்லாதவர்களுக்கு அதுதான் சரி.

சிடியில் பாடல்களின் பெயர் பெரும்பாலும் இருக்காது. நெட்டிலிருந்துதான் அது வர வேண்டும். என் சிடிக்கு எதுவும் வரவில்லை. 'அன்நோன் ஆல்பம்' என்றே நின்றது. பைல் மீது ரைட் கிளிக் செய்து 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'டீடெய்ல்ஸ்' போய், சிடி உறையைப் பார்த்து ஒவ்வொன்றாக நானே தட்டினேன். பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பத்தின் பெயர், வரிசை எண். கால் மணி நேர வேலை. ஆனால் அந்தக் கால் மணி நேரத்தில்தான் உறையில் உள்ள பெயர்களை ஒழுங்காகப் படித்தேன். மூன்றாவது பாட்டுக்கு நேரே நுஸ்ரத் ஃபதே அலி கான் என்று இருந்தது.

வரிசை முக்கியம்

கேட்பதற்கு முன் பிளேயரில் 'ஷஃபிள்' பட்டன் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு அம்புகள் குறுக்கே பின்னியது போல இருக்கும். அது இயங்கினால் பாடல்கள் கலைந்துவிடும். இந்த ஆல்பத்தைக் கலைத்துக் கேட்டால் பாதி போய்விட்டது என்று பொருள்.

முதல் பாட்டு உங்களுக்குத் தெரியும். மெஹபூப் எழுதிய எளிய இந்திச் சொற்கள், ரஹ்மானின் உச்சக் குரல். முடிந்தவுடன் இரண்டாவது, 'ரிவைவல்'. இது பங்கிம் சந்திர சட்டோபாத்யாயின் பழைய 'வந்தே மாதரம்'. 1882இல் வந்த 'ஆனந்தமடம்' நாவலில் உள்ள அதே பாடல். வானொலியில் காலையில் கேட்டுப் பழகிய பாட்டை இங்கே வேறு உடையில் பார்க்கலாம். முதல் பாட்டு முழங்கியது என்றால், இது அந்த முழக்கம் எங்கிருந்து வந்தது என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறது.

அடுத்தது 'குருஸ் ஆஃப் பீஸ்'. ஆல்பத்தின் நடு எலும்பு என்று நான் நினைப்பது இதைத்தான். நுஸ்ரத் ஃபதே அலி கான் பாகிஸ்தானின் ஃபைசலாபாத்தில் 1948இல் பிறந்த கவ்வாலி மேதை. அவர் இந்துஸ்தானியில் பாட, ரஹ்மான் ஆங்கிலத்தில் சேர்ந்துகொள்கிறார். நிலவும் சூரியனும் எல்லோருக்கும் பொது என்றால் சண்டை எதற்கு என்பதுதான் பாட்டின் கருத்து. இந்தியாவின் விடுதலை ஆண்டுக்கென்று செய்த ஆல்பத்தில், தாய்நாட்டை வாழ்த்தும் இரண்டு பாடல்களுக்கு அடுத்த இடத்தில் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் குரலை வைத்திருக்கிறார்கள். இரண்டு நாடுகளுக்கும் அது ஐம்பதாவது ஆண்டு. அந்த ஆகஸ்ட் 16ஆம் தேதி, நம் சுதந்திர தினத்துக்கு மறுநாள், நுஸ்ரத் லண்டனில் காலமானார். வயது 48. அவர் நினைவாகத்தான் ரஹ்மான் 2007இல் 'குரு' படத்துக்கு 'தேரே பினா'வை அமைத்தார்.

எதிர் வீட்டில் ஒரு பெரியவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பேத்தி வற்புறுத்தி அவருக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தாள். ஆகஸ்ட் 15க்குத் தெருவில் கொடியேற்றம். "தம்பி, அந்த வந்தே மாதரம் பாட்டை பென் டிரைவில் போட்டுக் குடுப்பா" என்றார். முழு ஆல்பத்தையும் போட்டுக் கொடுத்தேன். கொடி ஏறியது, முதல் பாட்டு ஓடியது, மிட்டாய் கொடுத்தார்கள். யாரும் நிறுத்தாததால் பாடல்கள் ஓடிக்கொண்டே இருந்தன. மூன்றாவது பாட்டில் அந்தக் கனத்த குரல் ஒலிபெருக்கியில் எழுந்தபோது பேச்சு கொஞ்சம் அடங்கியது. "யாருங்க இது?" என்று ஒருவர் கேட்டார். சொன்னேன். "பாகிஸ்தான்காரரா? இன்னைக்கு அதைப் போடலாமா சார்? நிறுத்திடுங்க" என்றார் அவர். இன்னொருவர் ஆம்ப்ளிஃபையர் பக்கம் போய்விட்டார்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியவர், "கொடியேத்துன பாட்டும் இதுவும் ஒரே சிடிதான்பா. ஒரே ஆளு போட்டது. அதை மட்டும் வெச்சுக்கிட்டு இதை எப்படி நிறுத்துவ? முடியட்டும்" என்றார். போனவர் கையை எடுத்துவிட்டார். கேள்வி கேட்டவர் முகத்தில் திருப்தி இல்லை. ஆனாலும் நின்று கேட்டார்.

அதற்குப் பின் வரும் 'தௌபா தௌபா', 'ஒன்லி யூ' இரண்டும் முதல் தடவையிலேயே ஒட்டிக்கொள்ளும் ரகம் அல்ல. எனக்கு மூன்றாம் தடவைதான் பிடித்தது, அதிலும் 'ஒன்லி யூ' மட்டும். ஹெட்போனில் கேளுங்கள். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் அடிநாதம் கேட்கவே கேட்காது. 'மிஸ்ஸிங்' முடிந்து கடைசியாக வருகிறது, வைரமுத்து எழுதிய 'தாய் மண்ணே வணக்கம்'. மெட்டு முதல் பாட்டின் மெட்டேதான். 'அதான் ஏற்கெனவே கேட்டாச்சே' என்று தோன்றும். ஆனால் ஐந்து பாடல்களைக் கடந்து வந்த பிறகு, அதே மெட்டு நம் மொழியில் வரும்போது அது வேறு பாட்டு. தனியாகக் கேட்டால் இந்த வித்தியாசம் தெரியாது. சில பதிப்புகளில் 'மசூம்', 'முசாஃபிர்' என்று கூடுதல் பாடல்களும் உண்டு. உங்களிடம் உள்ளது எது என்று உறையைப் பாருங்கள்.

பென் டிரைவில் வரிசை மாறுகிறதா?

பலர் கேட்கும் சந்தேகம் இது. கம்ப்யூட்டரில் சரியாக இருக்கும் வரிசை டிவிடி பிளேயரிலோ காரிலோ மாறிவிடுகிறது. சில கருவிகள் பைல் பெயரின் எழுத்து வரிசைப்படி பாடும். வேறு சில, எந்தப் பைலை முதலில் காப்பி செய்தோமோ அதை முதலில் பாடும். எனவே பைல் பெயரின் முன்னால் 01, 02 என்று இரண்டு இலக்கமாக எண் கொடுங்கள். வெறும் 1, 2 என்று கொடுத்தால் பத்துப் பாடல்களுக்கு மேல் உள்ள ஆல்பங்களில் 1க்கு அடுத்து 10 வந்து நிற்கும். காப்பி செய்யும்போதும் 01இலிருந்து ஒவ்வொன்றாகச் செய்யுங்கள்.

சிடி இல்லாதவர்கள் ஆன்லைனில் கேட்கலாம். பாட்டின் பெயரைத் தட்டி வந்ததும், கீழே சிறிய எழுத்தில் ஆல்பத்தின் பெயர் இருக்கும். அதை கிளிக் செய்தால் முழுப் பட்டியலும் விரியும். இலவசச் சேவைகளில் சில, தாங்களே பாடல்களைக் கலைத்துப் போடும். அப்போது பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாக கிளிக் செய்வதுதான் வழி.

இதே முறையில் அடுத்து நான் எடுத்து வைத்திருப்பது 1996இல் ஹரிஹரனும் லெஸ்லி லூயிஸும் சேர்ந்து செய்த 'கொலோனியல் கசின்ஸ்'. அதிலும் 'கிருஷ்ணா நீ பேகனே' மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் இருப்பது கேசட். டேப் ரெக்கார்டரின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு வயர், ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேர், இரண்டும் போதும். பெரியவரின் டேப் ரெக்கார்டர் இன்னும் ஓடுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்.