ஒட்டுச் சுவர் வீடுகள்

தெருவில் நின்று பார்த்தால் கல்பாத்தி வீடு ஏமாற்றும். ஒரு திண்ணை, ஒரு கதவு, ஒன்றிரண்டு ஜன்னல். அதற்கப்பால் அடுத்த வீடு ஆரம்பித்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரே சுவர். உள்ளே நுழைந்தால் கதை வேறு. திண்ணையைத் தாண்டி ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கிணறு, கொல்லை என்று வீடு நீண்டுகொண்டே போகிறது.

பாலக்காட்டின் இந்த அக்ரஹாரம், 1425ல் எழுந்ததாகக் கருதப்படும் விஸ்வநாத சுவாமி கோயிலைச் சுற்றி வளர்ந்தது. தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள் கட்டிய வீடுகள் இவை. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று நான்கு கிராமங்களிலும் ஒரே சூத்திரம்தான்: அகலம் குறைவு, நீளம் அதிகம்.

இந்தச் சூத்திரம் இன்று மூன்று சென்ட் மனை வாங்கி முழிப்பவர்களுக்கும் பாடம். 16 அடி அகலம், 80 அடி நீளம் என்றால் மனை மூன்று சென்ட்டுக்குச் சற்றுக் குறைவு. இருபக்கமும் மூன்றடி விட்டுக் கட்டினால் மிஞ்சுவது 10 அடி. இரண்டு முக்காலடிச் சுவர்களைக் கழித்தால் எட்டரை அடி. கட்டிலைப் போட்டுவிட்டு ஒருக்களித்து நடக்கலாம். பக்கவாட்டில் விட்ட 480 சதுர அடி, மனையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல், பழைய வாளியும் பல்லியும் குடியிருக்கத்தான் உதவும்.

கல்பாத்தியின் பழைய கொத்தனார்கள் பக்கவாட்டில் ஓர் அங்குலம்கூட விடவில்லை. வெளிச்சத்தை மேலிருந்து வாங்கினார்கள். நடுவே முற்றம், அது ஒரே சமயத்தில் ஜன்னல், புகைபோக்கி, மழைநீர் வடிகால். பக்கச் சுவர்கள் வெயிலையே பார்ப்பதில்லை. 2024 ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டிய ஊரில் இது சின்ன விஷயமல்ல. ஓட்டுக் கூரை தெருப்பக்கமும் உள்பக்கமும் மட்டுமே சரிவதால் ஒருவர் வீட்டு மழைத் தண்ணீர் அடுத்தவர் தலையில் விழுவதில்லை. அண்டை வீட்டுச் சண்டைக்கு ஒரு காரணம் குறைவு.

விதிகளிலும் இதற்கு இடமில்லாமல் இல்லை. 125 சதுர மீட்டருக்கு உட்பட்ட மனைகளுக்குக் கேரளக் கட்டட விதிகள் தனிச் சலுகைகள் தருகின்றன. வரிசை வீடுகளையும் அவை தனி வகையாகவே ஏற்கின்றன. ஆனால் ஒட்டுச் சுவர் எழுப்ப அடுத்த மனைக்காரரின் தயவு வேண்டும். பல இடங்களில் திட்டம் படுத்துவிடுவது இங்கேதான்.

கல்பாத்தியிலோ பிரச்னை தலைகீழ். இங்கே சுவர் ஏற்கெனவே பொது. சிக்கல் அதைப் பிரிப்பதில். ஒரு வீட்டை இடித்தால் அடுத்த வீட்டின் சுவர் மழைக்கும் வெயிலுக்கும் திறந்துகொள்கிறது. இடித்த இடத்தில் கான்கிரீட் மாடி எழுந்தால், பக்கத்து முற்றத்தின் வெளிச்சமும் காற்றும் போயிற்று. பாரம்பரிய கிராமம் என்பதால், வெளித்தோற்றத்தை மாற்றும் வேலைகளுக்கு மாநிலக் கலை, பாரம்பரிய ஆணையத்தின் ஒப்புதலும் வேண்டும். பிள்ளைகள் சென்னைக்கும் மும்பைக்கும் போய்விட, ஓடு மாற்றும் செலவை நினைத்துக் கலங்கும் முதியவர்களுக்கு இந்த ஒப்புதல் ஒரு சுமை. அவர்கள் கேட்பது அரண்மனை அல்ல. அறையோடு ஒட்டிய கழிப்பறை, வழுக்காத முற்றம், ஏற முடிகிற மாடிப்படி. முகப்பைத் தொடாமல் இவை எல்லாவற்றையும் செய்ய முடியும். முற்றத்தின் மேல் கண்ணாடிக் கூரை, அதன் விளிம்பில் காற்றுப் போக இடைவெளி, ஒட்டுச் சுவரை ஒட்டி ஒற்றைப் படிக்கட்டு போதும். கிடைக்காதது அதைச் சீக்கிரம் அங்கீகரிக்கும் கையெழுத்துதான்.

கார்தான் தீராத வில்லங்கம். 16 அடி முகப்பில் அதற்கு வழி விட்டால் திண்ணை போய்விடும். தெருவில் விட்டால் ஐப்பசியில் தேர் வரும். 2024ல் அந்தத் தேருக்காகப் பாலக்காடு இடைத்தேர்தலே நவம்பர் 13லிருந்து 20க்குத் தள்ளிப்போனது.