உங்களுக்குத் தெரியுமா? வலசை போகும் காகம், போகாத காகம்

போடி அருகே ராசிங்காபுரத்துக் கூரைகளில் கரையும் வீட்டுக்காகமும், ஏலமலைச் சரிவில் திரியும் அண்டங்காக்கையும் ஆண்டு முழுவதும் அங்கேயே வாழ்பவை. மார்கழிக் குளிரிலும் இங்கே நிலம் உறைவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் பூச்சிக்கும் புழுவுக்கும் குறைவில்லை. வீடுகளில் காக்கைக்கு வைக்கும் சோறு தனி.

காகத்தை இடம்பெயர வைப்பது குளிரைவிடப் பசியே. அது பெரும்பாலும் தரையில் இரை தேடும் பறவை. பனி மூடினால் தரை கிட்டாது. கனடாவின் உட்பகுதியில் வாழும் அமெரிக்கக் காகங்கள் பனிக்காலத்தில் தெற்கே போகின்றன. அதே இனம் அமெரிக்காவின் தென்பகுதியில் இடம்பெயர்வதில்லை. ஒரே இனத்தில் சில போவதும் சில தங்குவதும் 'பகுதி வலசை' எனப்படும். வடக்கு ஐரோப்பாவின் சாம்பல் காகங்களும் இப்படித்தான்.

தங்குவதிலும் ஆதாயம் உண்டு: கூடு கட்டும் எல்லை கைவிட்டுப் போகாது. ராசிங்காபுரத்துக் காகத்துக்கோ போவதா, தங்குவதா என்ற கணக்கே தேவையில்லை. ஆனால் இங்கே வலசை வரும் பறவைகளும் உண்டு: குளிர்காலத்தில் இமயத்திலிருந்தும் அதற்கு வடக்கேயிருந்தும் ஏலமலை ஓடைகளுக்கு வருகிறது சாம்பல் வாலாட்டி. காகத்தைவிட மிகச் சிறிய குருவி அது.