குசினிக்குள் ஜுமான்ஜி

கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1981இல் எழுதி வரைந்த 'ஜுமான்ஜி' கறுப்பு வெள்ளைப் படக்கதை. ஜூடியும் பீட்டரும் பூங்காவில் கிடந்த ஒரு விளையாட்டுப் பலகையை வீட்டுக்குக் கொண்டுவந்து தாயக்கட்டை உருட்டுகிறார்கள். உருட்ட உருட்டக் காடு உள்ளே வருகிறது. பியானோ மேல் சிங்கம், கூடத்தில் காண்டாமிருகக் கூட்டம், குசினியில் குரங்குகள். மாத்தளைப் பிள்ளைக்கு இதைச் சொன்னால் சிங்கத்துக்கு வாயைப் பிளப்பான். குரங்குக்கு, "அதுக்கென்ன?" என்பான்.

2017இல் வந்த படத்தில் பலகை வீடியோ விளையாட்டாகிவிட்டது. இப்போது காடு வருவதில்லை. தண்டனைக்காகப் பள்ளியில் நிறுத்தப்பட்ட நான்கு மாணவர்களை விளையாட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. பயந்தாங்கொள்ளிப் பையன் மலைபோன்ற வீரனாகிறான். அழகுக்குப் பேர்போன பெண் தொப்பை விழுந்த பேராசிரியராகிறாள். ஒருவர் கேக் தின்று வெடித்துச் சாகிறார்; வானிலிருந்து பொத்தென்று மறுபடி விழுகிறார். ஆளுக்கு மூன்று உயிர். 1995இல் வந்த முதல் படத்தில் பலகைக்குள் போன சிறுவன் வெளியே வர 26 ஆண்டுகள் ஆயின. பயம் போன இடத்தில் சிரிப்பு வந்திருக்கிறது. நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். ஆனால் கனவில் வந்தது பழைய பலகைதான்.

என் சின்ன வயதில் எங்களுக்கும் ஒரு பலகை உண்டு: எங்கள் லயத்தில் வைகுண்ட ஏகாதசி இரவுக்குப் பரமபதம். ஒரு தாள், நான்கு புளியங்கொட்டை, சுற்றிலும் பத்துப் பேர். பாம்பு கடித்தவரை மற்ற ஒன்பது பேரும் சேர்ந்து பழிப்பார்கள். அந்தக் காலத்தில் குரங்கு தோட்டத்து எல்லையில், பலா மரத்தோடு நிற்கும். கெட்டபோல் கல் ஒன்று போதும், போய்விடும். கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டிய காட்டின் மிச்சம் அதற்குப் போதுமாக இருந்தது போலும்.

இப்போது குரங்கு ஓட்டிலேயே குடியிருக்கிறது. 2023இல் இலங்கையிலிருந்து ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தது. பெரும் எதிர்ப்பும் எழுந்தது. 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு, கணக்கெடுப்புக்காக நாடு முழுக்க அவரவர் தோட்டத்தில் நின்று ஐந்து நிமிடம் குரங்கு எண்ணினோம். எந்த மாயக்கதையிலும் இப்படி ஒரு காட்சியை நான் படித்ததில்லை.

பரமபதத் தாள் எங்கே போனதென்று தெரியவில்லை. பிள்ளைகள் ஆளுக்கொரு போனில் ஆளுக்கொரு காட்டில் இருக்கிறார்கள். அன்று நாங்கள் கதை படிக்க இந்தியச் சஞ்சிகை ஒன்று வர மாதக்கணக்காகக் காத்திருந்தோம். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த 1970களில் அதுவும் இல்லை. இவர்களுக்குக் காத்திருப்பு என்றால் 'சிக்னல்' வரும்வரைதான். அந்தப் போன் காடுகளுக்குள் பெண்பிள்ளைகளும் வாளெடுத்துப் போகிறார்கள். அது நல்லது.

போன கிழமை உக்குவெலையில் உறவினர் வீட்டில் இருந்தேன். குசினியில் பாத்திரம் விழுந்தது. சீப்போடு வாழைப்பழத்தை அணைத்தபடி ஒரு தாய்க்குரங்கு, வயிற்றில் குட்டி, என்னை ஏற இறங்கப் பார்த்தது. அப்பாயி டின்னைத் தட்டிக்கொண்டே கூப்பிட்டார்: "தம்பி, குரங்குடா! ஓடி வா!"

போன் திரையில் ஏதோ மிருகத்தைத் துரத்திக்கொண்டிருந்த பேரன் தலை நிமிரவில்லை.

"பொறுங்க அப்பாயி, எனக்கு ஒரு உயிர்தான் மிச்சம் இருக்கு."